முப்பது ஆண்டுக்குப் பின் மீண்டும் மேடையேறிய ஒரு காதல் நாடகம்: மட்டக்களப்பில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

'பியூட்டிஃபுல் திங்' என்னும் ஆங்கில நாடகம் 1993 இல் இலண்டனில் முதன்முதலாக மேடையேறியது. இரண்டு பையன்களுக்கு இடையே அரும்பும் காதலே அதன் கதை. முப்பதாம் ஆண்டை ஒட்டி 2023 இல் கிழக்கு இலண்டனின் ஸ்ட்ராட்ஃபர்ட் அரங்கில் அது மீண்டும் மேடையேறியபோது, ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் தங்கியிருந்த நான் அதனைப் பார்த்தேன். ஊர் திரும்பிய பின்னர் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் காரைதீவிலும் உள்ள அரங்க நண்பர்களும், நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோர் சிலரும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன்.

நாடகத்தின் கதை என்ன?

தென்கிழக்கு இலண்டனில் தேம்ஸ்மீட் என்னும் குடியிருப்பில், ஒரே நடைபாதையை ஒட்டி அடுத்தடுத்து இருக்கும் மூன்று வீடுகளின் வாசலில் கதை நிகழ்கிறது. நடு வீட்டில் ஜேமி என்னும் பாடசாலைப் பையன் தன் தாய் சாண்ட்ராவுடன் வசிக்கிறான். மதுச்சாலையில் வேலை பார்த்து மகனைத் தனியாக வளர்க்கும் சாண்ட்ரா வாய்த்துடுக்கும் வைராக்கியமும் உள்ள பெண். சகமாணவர்களின் கேலிக்கு அஞ்சி விளையாட்டுப் பாடத்துக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிடும் பையன் ஜேமி. ஒரு பக்கத்து வீட்டில், விளையாட்டில் கெட்டிக்காரனான ஸ்டீ, தகப்பனிடமும் தமையனிடமும் அடி வாங்கிக்கொண்டே வளர்கிறான். மற்ற வீட்டில் இருப்பவள் லியா. பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட அவள், 1960களின் அமெரிக்கப் பாடகியான மாமா காஸின் பாடல்களிலேயே நாளைக் கழிக்கிறாள்.

ஒருநாள் அடி தாங்காமல் வரும் ஸ்டீக்குச் சாண்ட்ரா தன் வீட்டில் படுக்க இடம் கொடுக்கிறாள். இரு பையன்களும் தங்களுக்குள் இருக்கும் அன்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறிந்துகொள்கிறார்கள். அதை மறைக்கிறார்கள், பயப்படுகிறார்கள், பின்னர் மறைக்க முடியாமற் போகிறது. இறுதிக் காட்சியில் இருவரும் அந்த நடைபாதையில், ஊர் பார்க்க, மாமா காஸின் பாட்டுக்குச் சேர்ந்து ஆடுகிறார்கள். தாயும் லியாவும்கூட அவர்களோடு ஆடுகிறார்கள்.

யார் எழுதியது? எந்தச் சூழலில்?

எழுதியவர் லிவர்பூலில் பிறந்த ஜொனதன் ஹார்வி. அக்காலத்தில் அவர் இலண்டனில் பாடசாலை ஆசிரியராக இருந்தார். ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு மதுச்சாலையின் மேல்மாடியில் இயங்கிய புஷ் அரங்கு என்னும் சிறிய அரங்கில், ஹெட்டி மக்டொனால்டின் நெறியாள்கையில் நாடகம் அரங்கேறியது. அவரே 1996 இல் அதனைத் திரைப்படமாகவும் இயக்கினார்.

ஹார்வி ஆசிரியராக இருந்தார் என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1988 இல் பிரித்தானியாவில் நிறைவேறிய உள்ளூராட்சிச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை' உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தடை செய்தது. அதன் நிழல் வகுப்பறைகள்மீதும் விழுந்தது. கேலிக்கு ஆளாகும் ஒரு மாணவனிடம் ஆறுதலாகப் பேசுவதற்கே ஆசிரியர்கள் தயங்கினார்கள். ஸ்கொட்லாந்தில் 2000 இலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 இலுமே அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அதே காலத்தில் ஆணும் பெண்ணும் கொள்ளும் உறவுக்குச் சம்மத வயது 16 ஆக இருந்தபோது, இரு ஆண்களுக்கு அது 21 ஆக இருந்தது. 1994 இல் 18 ஆகவும் 2001 இல் 16 ஆகவும் அது குறைக்கப்பட்டது. ஆகவே, இரண்டு பாடசாலைப் பையன்களின் அன்பைக் கனிவோடு மேடையில் வைப்பது 1993 இல் இலண்டனிலும் இலகுவான காரியமாக இருக்கவில்லை. 'அவர்களுக்கென்ன, எல்லாவற்றையும் ஏற்கிற சமூகம்' என்று இங்கே சிலர் சொல்லும்போது இந்த வரலாற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

முப்பது ஆண்டு பழைய நாடகத்தை ஏன் மீண்டும் போட வேண்டும்? எல்லோருக்கும் முடிவு தெரியுமே?

மட்டக்களப்பில் இருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு வியப்பாக இருக்கிறது. அருச்சுனனுக்கும் அபிமன்யுவுக்கும் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டுதானே நாம் பாய் விரித்து விடிய விடியக் கூத்துக் களரியைச் சுற்றி இருந்தோம்? தெரிந்த கதையை இந்த ஆண்டு இந்த அண்ணாவியார், இந்த ஊர்ப் பையன்களை வைத்து எப்படி ஆட்டுவிக்கிறார் என்பதைப் பார்க்கவே சனம் வந்தது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தை நகர மேடைக்கு ஏற்றபடி சுருக்கி அமைத்தார். பேராசிரியர் மௌனகுரு 'இராவணேசனை' வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தலைமுறையினரைக் கொண்டு ஆற்றுகை செய்தார். சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊர்மக்களோடு சேர்ந்து கூத்தின் எழுத்துருவையே கேள்விக்கு உட்படுத்தி மீளுருவாக்கினார். மீண்டும் மேடையேற்றுவதற்கு எத்தனை வழிகள் உண்டென்பதை உலகுக்குச் சொல்லும் தகுதி உள்ள ஊர் இது.

ஸ்ட்ராட்ஃபர்டில் 2023 இல் செய்யப்பட்டது, புதிய தலைமுறையைக் கொண்டு ஆற்றுகை செய்வதற்கும் எழுத்துருவையே மீளுருவாக்குவதற்கும் நடுவில் நிற்கிறது. உரையாடலைப் பெரிதாகத் தொடவில்லை. காலமும் இடமும் 1993 இன் தேம்ஸ்மீட்டாகவே இருந்தன. ஆனால் நெறியாளர் அன்ரனி சிம்ப்சன்-பைக், ஜேமியையும் ஸ்டீயையும் சாண்ட்ராவையும் கறுப்பின நடிகர்களைக் கொண்டு நடிக்க வைத்தார். ஒரு சொல்லும் மாறாமலே அந்தக் குடும்பத்தின் தனிமைக்கு இன்னொரு கனம் ஏறியது. வெளியே தெருவில் நிறத்துக்காக ஒதுக்கப்படும் ஒரு தாய், வீட்டுக்குள் தன் மகனையும் இழந்துவிடக் கூடாது என்று பதறுவதை நான் அந்த நடிப்பில் கண்டேன். நாடகத்தை வாசித்தபோது எனக்கு இது தோன்றியிருக்கவில்லை.

ஸ்ட்ராட்ஃபர்ட் அரங்குக்கும் இந்தப் பொருளுக்கும் ஏதும் தொடர்பு உண்டா?

உண்டு. 1884 இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில்தான் ஜோன் லிட்டில்வுட்டின் குழு 1950களில் உழைக்கும் மக்களுக்கான நாடகங்களைச் செய்தது. ஷீலா டெலானி பத்தொன்பது வயதில் எழுதிய நாடகம் 1958 இல் அங்கேதான் அரங்கேறியது. கர்ப்பிணியான தோழியைப் பரிவோடு கவனித்துக்கொள்ளும் தன்பாலீர்ப்புள்ள இளைஞன் ஒருவன் அதில் வருகிறான். அப்போது இங்கிலாந்தில் எந்த நாடகமும் அரண்மனை அதிகாரி ஒருவரின் தணிக்கையைத் தாண்டியே மேடைக்கு வர முடியும். அந்த முறை 1968 இல் ஒழிக்கப்பட்டது.

ஆங்கிலம் சரளமாக இல்லாதவருக்கு நாடகம் விளங்குமா?

கதை விளங்கும். நகைச்சுவையில் பாதி தப்பிப்போகும். தென்கிழக்கு இலண்டன் தெருப் பேச்சு, அக்காலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பெயர்கள், விளம்பர வாசகங்கள் ஆகியவை உரையாடலில் நிறைய உண்டு. அங்கே பிறந்த இளையவர்களே சில இடங்களில் சிரிக்காமல் இருந்தார்கள். எழுத்துருவை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போவது நல்லது.

பிள்ளைகளோடு இருந்து பார்க்கக்கூடிய நாடகமா?

கெட்ட வார்த்தைகள் நிறைய உண்டு, குடியும் புகையும் உண்டு, வீட்டு வன்முறையின் தழும்புகள் உண்டு. காதலைப் பொறுத்தவரை நாடகம் மிக அடக்கமானது. ஒரு பார்வை, ஒரு தயக்கம், காயத்துக்கு மருந்து தடவும் ஒரு கை ஆகியவற்றிலேயே அது நிற்கிறது. தமிழ்த் திரைப்படங்களில் குடும்பமாக இருந்து நாம் பார்க்கும் காதல் பாட்டுகளோடு ஒப்பிட்டால் இதில் எந்த விரசமும் இல்லை. மேல்வகுப்பு மாணவர்களோடு இருந்து பார்த்து, பின்னர் பேசலாம் என்பதே என் கருத்து. பெற்றோரை மனம் பதைக்கச் செய்வது காதல் காட்சிகளைவிட, பெற்ற தகப்பனே அடிக்கும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அயல்வீட்டுக் கதவைத் தட்டும் காட்சியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

தாய் உடனே ஏற்றுக்கொள்கிறாளா? நடைமுறையில் அப்படி நடக்குமா?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்களுட் பலர் தாய்மார்.

சாண்ட்ரா உடனே ஏற்பதில்லை. அவளுக்கும் மகனுக்கும் இடையே நாடகம் முழுவதும் சண்டை நடக்கிறது. ஏசுகிறாள், ஒரு கட்டத்தில் இருவரும் கைகலக்கிறார்கள். உண்மை தெரியவரும்போது அவள் தயாராக இல்லை. தான் எங்கேயோ பிழை விட்டுவிட்டதாக எண்ணும் தாய்க்குரிய கலக்கம் அவளிடம் இருக்கிறது. ஆனால் அவளுக்கு முன்னால் நிற்பது 'விடயம்' ஒன்றல்ல, அழுதுகொண்டிருக்கும் தன் பிள்ளை என்பதை அவள் ஒரு கணமும் மறப்பதில்லை. கொள்கை எதையும் கற்று அவள் மாறவில்லை. அவனைப் பிரிந்திருக்க அவளால் முடியாது, அவ்வளவுதான். தன் தகப்பனுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார் என்று ஸ்டீ நடுங்கும்போது, அடுத்த வீட்டுப் பிள்ளையையும் அவள் தன் பிள்ளையாகவே தேற்றுகிறாள். நான் பார்த்த ஆற்றுகையில் அந்த இடத்தில் மண்டபம் முழுவதும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

இந்தத் தாயை மட்டக்களப்பு அறியும். தாய்வழிக் குடிமுறையும், வீடு பெண்பிள்ளைக்கே போகும் வழக்கமும் உள்ள மண் இது. போரிலும் ஆழிப்பேரலையிலும் கணவரை இழந்த எத்தனையோ பெண்கள் கடை வைத்தும், தறி நெய்தும், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயும் பிள்ளைகளைத் தனியாக ஆளாக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குள் யார் இருக்கலாம், யார் சாப்பிடலாம், யாரை வெளியே போகச் சொல்வது என்பதை அம்மா தீர்மானிக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அந்தப் பெண்களுக்கும் இருந்தது. ஆனாலும் பிள்ளைக்காக ஊரை எதிர்த்து நின்றவர்களும் அவர்களே. சாண்ட்ராவின் வேடத்தை ஏற்க நம் ஊரில் நடிகை கிடைப்பாரா என்று ஒருவர் கேட்டார். இந்த ஊரில் அந்த வேடத்துக்கு உயிர் கொடுக்கக்கூடிய பெண்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

இது மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்கிறார்களே?

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு எடுத்து விளக்கி 'மதங்க சூளாமணி'யை எழுதினார். அது 1926 இல் நூலாக வந்தது. பிறநாட்டு நாடகத்தைப் படித்து நமதாக்கும் பழக்கத்தைத் தொடக்கிவைத்தவர்களுள் ஒருவரே இந்த மண்ணின் பிள்ளை என்னும்போது, இலண்டனில் எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாடகத்தை ஒதுக்குவது பொருந்தாது.

காதலைப் பற்றிச் சொல்வதானால், ஊரார் வாய்க்கு அஞ்சி ஒளிக்கப்படும் அன்பைச் சங்கப் புலவர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பாடியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அலருக்கு அஞ்சும் நெஞ்சின் படபடப்பே ஜேமியிடமும் ஸ்டீயிடமும் இருக்கிறது. அவர்கள் இருவரும் பையன்கள் என்பது வேறுபாடு. அந்த வேறுபாடு மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கியது என்று சொல்பவர்கள், தங்கள் வகுப்பறையில், கோயில் திருவிழாவில், விளையாட்டு மைதானத்தில் ஒதுங்கி நின்ற பையனை நினைத்துப் பார்க்க வேண்டும். அவன் எங்கும் இருந்து வரவில்லை. இங்கேதான் இருந்தான். கப்பலில் வந்தது அவனைக் குற்றவாளியாக்கிய சட்டம்.

அந்தச் சட்டம் இன்று எந்த நிலையில் இருக்கிறது?

ஆங்கிலேயர் ஆட்சியில் 1883 இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளே இதற்கு ஆதாரம். 1995 இல் செய்யப்பட்ட திருத்தம் 365அ பிரிவைத் தளர்த்தவில்லை. மாறாக, முன்னர் ஆண்களை மட்டும் குறித்த அதனைப் பெண்களுக்கும் விரித்தது. 2022 இல் பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இலங்கையின் இந்தச் சட்டம் உரிமை மீறல் என்று முடிவு கூறியது. 2023 இல், இப்பிரிவுகளைத் திருத்தும் தனியார் உறுப்பினர் சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் அச்சட்டமூலம் நிறைவேறவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் அங்கிருந்த இதே காலனித்துவப் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை 2018 செப்டெம்பர் 6 அன்று விடுவித்தது.

இப்பிரிவுகள் குறிப்பது செயல்களை. அன்பு கொள்வதையோ, அதைப் பற்றிப் பேசுவதையோ, அதைச் சித்தரிக்கும் நாடகம் ஒன்றைப் பார்ப்பதையோ அவை குற்றமாகக் கூறவில்லை.

கூத்தில் ஆண்கள் பெண்வேடம் கட்டுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. கூத்தின் இரு வகைகளான வடமோடியிலும் தென்மோடியிலும் ஆண்கள் பெண்வேடம் ஏற்பது அரங்க மரபு. அந்த வேடத்தை ஆடியவர்களைப் பற்றி நாம் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஆனால் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. திரௌபதியாக ஆடிய ஆணின் அழுகைக்குச் சேர்ந்து அழுத பார்வையாளர்கள் நம் ஊரார். மேடையில் எது நம்பும்படி ஆடப்பட்டாலும் அதற்கு மனம் கொடுக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. திரைப்படங்களில் பெண்மைச் சாயல் உள்ள ஆண்களைக் கேலிப் பொருளாக்கி வந்த காட்சிகள்தாம் இந்தப் பழக்கத்தைக் கெடுத்தன.

மகிழ்ச்சியான முடிவு உண்மைக்குப் புறம்பானது என்ற விமர்சனம் சரியா?

அதை நான் ஏற்கவில்லை. இந்த நாடகம் எழுதப்பட்ட காலம், எயிட்ஸ் நோயால் ஒரு தலைமுறை இளைஞர்கள் மடிந்துகொண்டிருந்த காலம். ஆண்களின் காதல் என்றால் மேடையிலும் திரையிலும் நோயும் சாவும் தற்கொலையுமே பெரும்பாலும் முடிவாக இருந்தன. அந்தக் கதைகள் பொய் அல்ல. ஆனால் அவற்றை மட்டுமே பார்த்து வளரும் பதினாறு வயதுப் பையனுக்குத் தன் எதிர்காலம் ஒரு பிணப்பெட்டியாகவே தெரியும். ஹார்வி அந்தப் பையனுக்கு ஒரு கோடைகாலத்தைக் கொடுத்தார். நடனம் முடிந்ததும் ஸ்டீயின் தகப்பன் மனம் திருந்திவிடுவார் என்றோ, பாடசாலையில் கேலி நின்றுவிடும் என்றோ நாடகம் சொல்வதில்லை. சட்டம் மாறாத அந்த ஆண்டிலேயே, மாறாத ஊருக்கு நடுவிலேயே, இந்த நான்கு பேரும் வாசலில் ஆடினார்கள் என்று மட்டும் சொல்கிறது. அது நடக்கக்கூடிய காரியம். ஒரு தாயும் ஓர் அயலவளும் இருந்தால் போதும்.

எனக்குக் குறையாகப் பட்டது வேறு. சாண்ட்ராவின் காதலனான டோனியின் பாத்திரம் மெலிந்தது. சிரிப்பு மூட்டிவிட்டு அவர் கதையிலிருந்து நழுவிப்போகிறார். லியா தனிமையில் துவளும் பகுதியும் தேவைக்கு மேல் நீள்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இதை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ தமிழில் மேடையேற்ற முடியுமா?

முடியும் என்று நம்புகிறேன். அதற்குச் சில வேலைகள் உண்டு. முதலாவது, எழுத்தாளரின் முகவரிடமிருந்து மொழிபெயர்ப்புக்கும் ஆற்றுகைக்கும் எழுத்துமூல உரிமை பெற வேண்டும். இரண்டாவது, எழுத்துருவை முன்கூட்டியே அரச சபைக்குக் காட்டி அனுமதி பெறும் நடைமுறை. இதுவும் ஆங்கிலேயர் 1912 இல் இயற்றிய கட்டளைச் சட்டத்தின் வழியே வந்தது. தங்கள் நாட்டில் அவர்கள் 1968 இல் கைவிட்ட முறை இது.

களத்தை மாற்றலாமா என்பது சுவையான கேள்வி. தேம்ஸ்மீட், ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் 1960களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட கொங்கிறீட் குடியிருப்பு. வெள்ளப் பயத்தால் ஆரம்ப கால வீடுகள் பலவற்றில் வாழும் அறைகளை நிலமட்டத்தில் வைக்கவில்லை. கல்முனைப் பகுதியில் ஆழிப்பேரலைக்குப் பிறகு எழுந்த மாடி வீட்டுத் தொகுதிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நடைபாதை அந்நியமாக இராது. ஒரு வீட்டில் அடி விழுந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். மாமா காஸின் இடத்தில் எந்தப் பாடகியை வைப்பது என்று மாணவர்கள் ஏற்கெனவே வாதாடத் தொடங்கிவிட்டார்கள். மொழி மட்டக்களப்புப் பேச்சுத் தமிழாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. செந்தமிழில் சாண்ட்ராவால் ஏச முடியாது.

பையன்களின் வேடத்தைப் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கே கொடுக்க வேண்டும். நடிப்பவரின் வீட்டாருக்குக் கதையை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய மண்டபத்தில் தொடங்காமல், அழைக்கப்பட்ட சிலருக்கு முன்னால் வாசிப்பு அரங்காக முதலில் செய்து பார்ப்பது புத்தி.

நாடகத்தைப் பார்த்த பிறகு ஒரு மாணவர் தன்னைப் பற்றி நம்மிடம் சொன்னால் என்ன செய்வது?

கேளுங்கள். வீட்டாருக்கோ சக ஆசிரியருக்கோ சொல்லிவிடாதீர்கள். சொல்வது அவருடைய உரிமை, காலமும் ஆளும் அவர் தெரிவு. 'மாற்றிவிடலாம்' என்று வைத்தியரிடமோ பூசாரியிடமோ அழைத்துப் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990 இலேயே நீக்கிவிட்டது. ஸ்டீயைப் போல வீட்டில் அடி வாங்குகிறாரா என்று மட்டும் மெதுவாகக் கேட்டறியுங்கள், ஏனென்றால் பாதுகாப்பே முதல் தேவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

கலந்துரையாடலில் யாரையும் எழுப்பி 'உங்கள் அனுபவம் என்ன' என்று கேட்கவும் கூடாது. நாடகத்தைப் பற்றிப் பேசுவதே போதும்.

வாசிப்பு அரங்கு என்றால் எந்தக் காட்சியில் தொடங்குவது?

பையன்களின் காட்சியில் தொடங்கவே பலரும் விரும்புவார்கள். தாயும் மகனும் மோதிக்கொள்ளும் காட்சியில் தொடங்குங்கள் என்பேன். அதற்கு இரண்டு பேரும் ஒரு கதிரையும் போதும். அந்தக் காட்சியில் நடிப்பவர்களுக்குக் குரல் உயரும்போது அன்பு குறையாமல் இருந்தால் மற்றக் காட்சிகளைத் தைரியமாக எடுக்கலாம். குறைந்தால் இன்னும் சில கிழமைகள் அதையே வாசிக்க வேண்டும்.